வைக்கோலும் கண்ணாடித்தாளும்

மட்டக்களப்புக்குச் செல்லும் புகைவண்டி புனானைக் காட்டைக் கடந்து வாழைச்சேனையில் நின்று புறப்பட்டதும் அடுத்து வருவது கல்குடா நிலையம். கல்லும் குடாவும் சேர்ந்த பெயர் அது, அயலிலே பாசிக்குடா. அக்குடாக்களின் ஆழமற்ற தெளிந்த நீரைக் காணவென்றே தூரதேசத்தார் வந்து இறங்குகின்றனர். நீருக்கடியில் கிடக்கும் மணலையும் பாசியையும் கரையில் நின்றே காணலாம் என்பது உண்மைதான். எனினும், நாம் இங்கே பேசப் புகுந்தது ஒளியை ஊடுருவ விடும் வேறொரு பொருளைப் பற்றி. அந்தப் பொருளின் கதையில் கல்குடாப் பகுதிக்கு ஓர் இடம் உண்டு. அது கிடைத்திருக்க வேண்டிய இடம். கிடைக்காமற் போன இடம்.

இனிப்பைச் சுற்றிவந்த மினுமினுப்பான தாளைக் கண்ணருகே பிடித்து, உலகமெல்லாம் சிவப்பாயிற்று என்று கூவிய பிள்ளைப் பருவம் நம்மிற் பலருக்கும் உண்டு. வெசாக் கூடுகளுக்குள் விளக்கேற்றியபோது பச்சையாகவும் மஞ்சளாகவும் ஒளிர்ந்ததும் அதுவே. கையிற் கசக்கினால் சரசரக்கும். ஈரம் பட்டால் சுருங்கும். நெருப்புப் பட்டால் கடதாசிபோல் எரிந்து சாம்பராகும். அது கண்ணாடியுமன்று, இன்றைய பிளாஸ்ரிக்குமன்று. அது மரம். மரத்தைக் கரைத்து, மெல்லிய தகடாக மீண்டும் உறையவைத்ததே அந்தத் தாள்.

இந்த விந்தை எவ்வாறு நடந்தது என்பதை முதலிற் சொல்லிவிடுவோம். மரத்தின் உடல் பெரும்பாலும் மூன்று பொருள்களால் ஆனது. அவற்றுள் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் செலுலோசு. கட்டடத்துக்கு இரும்புக் கம்பி எவ்வாறோ, மரத்துக்குச் செலுலோசு அவ்வாறு. அதைச் சூழ்ந்து இறுக்கிப் பிடித்து, மரத்துக்குப் பழுப்பு நிறத்தையும் விறைப்பையும் தருவது இலிக்னின். எஞ்சியது குறுஞ்சங்கிலிகளாலான வேறுவகைச் சர்க்கரைப் பொருள். 1838ஆம் ஆண்டில் பிரான்சிய இரசாயன அறிஞர் அன்செல்ம் பாயன் தாவரங்களிலிருந்து இந்தச் செலுலோசைப் பிரித்தறிந்தார். பருத்தியானாலும் மூங்கிலானாலும் வைக்கோலானாலும் செலுலோசு ஒன்றே. வேறுபடுவன அதன் அளவும் அதனோடு ஒட்டியிருக்கும் பிற பொருள்களுமே. இந்த உண்மையை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம், பின்னர் தேவைப்படும்.

செலுலோசு தண்ணீரிற் கரையாது. கரைந்தால் வள்ளமும் மிதவாது, மழைக்காலத்தில் மரமும் நில்லாது. ஆகவே அதைக் கரைக்க வழி காண்பதே பெரும் பிரச்சினையாயிற்று. 1892இல் இங்கிலாந்தில் சார்ள்ஸ் குரொஸ், எட்வர்ட் பெவன், கிளேற்றன் பீடில் என்னும் மூவர் ஒரு வழி கண்டு உரிமை பெற்றனர். தூய மரக்கூழை எரிசோடாக் கரைசலில் ஊறவைத்தனர். பிழிந்து சில காலம் பழுக்கவிட்டனர். பின்னர் காபனிருசல்பைட்டு என்னும் திரவத்தோடு கலந்தனர். கூழ் செம்மஞ்சள் நிறமுற்றது. அதை மேலும் எரிசோடா நீரில் இட்டபோது தேன்போல் தடித்து இழுபடும் ஒரு கரைசல் உண்டாயிற்று. அதற்கு விஸ்கோசு என்று பெயரிட்டனர். நுண்துளைகள் வழியே அமிலத்துக்குள் பாய்ச்சினால் அது நூலாகும். அதுவே ரேயன் என்ற செயற்கைப் பட்டு. நீண்ட ஒடுங்கிய பிளவு வழியே பாய்ச்சினால் தகடாகும்.

அந்தத் தகட்டை ஆலையில் செய்யத்தக்கதாக்கியவர் சுவிற்சர்லாந்தில் பிறந்து பிரான்சின் துணியாலைகளில் வேலைபார்த்த ஜாக் பிராண்டன்பெர்கர். உணவகத்து மேசைவிரிப்பில் மது சிந்தியதைக் கண்டு, கறைபடாத துணி செய்ய எண்ணினார் என்பது வழக்கிலுள்ள கதை. துணியின்மேல் விஸ்கோசைப் பூசினார். துணி விறைத்துப் போயிற்று. ஆனால் பூச்சு மட்டும் தெளிந்த தகடாகக் கழன்று வந்தது. கதை எப்படியாயினும், 1908ஆம் ஆண்டளவில் அவர் தகடு வார்க்கும் இயந்திரத்தை அமைத்துவிட்டார். செலுலோசின் முதற் பகுதியையும், ஒளிபுகும் தன்மையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் கடைசிப் பகுதியையும் ஒட்டிச் செலோபேன் என்று பெயரிட்டார். 1923இல் அமெரிக்காவின் டியூபொன்ற் நிறுவனம் உரிமையை வாங்கியது. அடுத்த ஆண்டே அங்கு உற்பத்தி தொடங்கியது. 1927இல் அந்நிறுவனத்தின் இரசாயனர் ஹேல் சார்ச், தாளின்மேல் மிக மெல்லிய அரக்குப் பூசி ஈரம் புகாதவாறு செய்தார். அதன் பின்னர் பாணும் பிஸ்கற்றும் புகையிலையும் இறைச்சியும் கண்ணாடித்தாளுக்குள் வந்தன. கடைக்காரரிடம் கேட்டு நிறுத்து வாங்கிய மனிதன், தானே பார்த்து எடுத்து வாங்கும் மனிதனானான். பண்டத்தைவிடப் பண்டத்தின் தோற்றம் விற்பனையாகும் காலத்தை வளர்த்ததில் அந்தத் தாளுக்குப் பங்கு உண்டு.

அமெரிக்காவில் விற்ற செலோபேனில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு டியூபொன்றின் ஆலைகளிலே செய்யப்பட்டது. இது ஏகபோகமன்றோ என்று அரசு வழக்குத் தொடுத்தது. 1956இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: மெழுகுத்தாள், அலுமினியத் தாள் எனப் பொதிசுற்றப் பொருள்கள் பல இருப்பதால் இது ஏகபோகம் ஆகாதாம்! ஊரிலுள்ள நெல்லையெல்லாம் ஒரே போடியார் வைத்திருந்தாலும், குரக்கன் தின்னலாமே என்று விதானையார் தீர்ப்புச் சொன்னது போலத்தான். அந்த 1956ஆம் ஆண்டை நாம் வேறொரு காரணத்துக்காகவும் நினைவிற் கொள்வோம்.

கண்ணாடித்தாளின் தெளிவுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றிருந்தது. அது காபனிருசல்பைட்டின் ஆவி. விஸ்கோசு தோன்றுவதற்கு முன்னரே அதன் கொடுமை அறியப்பட்டிருந்தது. 1850களில் பாரிஸ் நகர மருத்துவர் ஒகுஸ்த் டெல்பெச், இறப்பர்ப் பண்டங்கள் செய்யும் சிறு பட்டறைகளில் இத்திரவத்தைக் கையாண்ட தொழிலாளரை ஆராய்ந்தார். தலைவலி, கைகால் தளர்ச்சி, நினைவு மங்கல், காரணமற்ற வெறி, சித்தப் பிரமை ஆகியவற்றை எழுதிவைத்தார். ஆக, செயற்கைப் பட்டு ஆலைகளைக் கட்டியோர் அறியாமற் கட்டினர் என்று எவரும் சொல்ல முடியாது. 1930களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் அலிஸ் ஹமில்ற்றன் பென்சில்வேனியாவின் விஸ்கோசு ஆலைத் தொழிலாளரிடையே அதே நோயைக் கண்டு வெளிப்படுத்தினார். இரண்டாம் உலகப்போரில் நாஜிகளுக்கெதிரான தலைமறைவு இயக்கத்தில் ஈடுபட்டுப் பிடிபட்ட பிரெஞ்சுக் கலை வரலாற்றறிஞர் அக்னெஸ் ஹம்பேர், கிரேஃபெல்ட் நகரின் ரேயன் ஆலையில் அடிமை வேலை செய்ய அனுப்பப்பட்டார். அமிலத் தொட்டியருகே கண்கள் எரிந்து பார்வை மங்கி, கைகள் புண்ணான அனுபவத்தை விடுதலையின் பின்னர் நூலாக எழுதினார்.

இவற்றையெல்லாம் போர்க்காலத்துப் பழங்கதை என்று ஒதுக்கவும் இயலாது. ஜப்பான் பயன்படுத்திக் கழித்த ரேயன் இயந்திரங்கள் 1960களில் தென் கொரியாவுக்குச் சென்றன. அங்கே வொன்ஜின் ரேயன் ஆலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர் நரம்பும் மூளையும் சிறுநீரகமும் கெட்டனர். இறந்த தோழரின் உடலை அடக்கஞ் செய்யாது வைத்துப் போராடிய பின்னரே அது தொழில்நோயென்று ஏற்கப்பட்டது. 1993இல் ஆலை மூடப்பட்டது. இயந்திரங்கள்? அவை சீனாவுக்கு விற்கப்பட்டன. மூலதனம் நாடு மாறியது. தொழிலாளியின் நுரையீரலும் நாடு மாறியது. இயந்திரம் ஒன்றே மாறவில்லை.

இனி நமக்கு அண்மையிலுள்ள நிலத்துக்கு வருவோம். இந்தியாவில் ரேயனை முதன்முதலிற் செய்தது பெரும்பாவூர் அருகே அமைந்த திருவாங்கூர் ரேயன்ஸ் ஆலை. அங்கு கண்ணாடித்தாளும் வார்க்கப்பட்டது. 1946இல் அதை நிறுவியவர் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் மாண்டவர். திருவாங்கூரில் அப்போது திவானாக இருந்தவர் சேர் சி. பி. இராமசாமி ஐயர். பெருந்தொழில்களை வரவேற்ற அதே திவானின் ஆட்சியிலேதான், அதே 1946ஆம் ஆண்டு ஒக்டோபரில், புன்னப்புராவிலும் வயலாரிலும் கயிற்றுத் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் துப்பாக்கிக்கு இரையாயினர். ஆலைக்கு அடிக்கல் நாட்டிய கையும் சுடச்சொன்ன கையும் ஒன்றாயிருப்பது நம் நாடுகளின் தொழில் வரலாற்றில் அரிய செய்தியன்று. அந்த ஆலை 2001இல் மூடுண்டது. ரேயன்புரம் என்ற ஊர்ப்பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

1960களில் சாலியாற்றங்கரையில் மாவூர் குவாலியர் ரேயன்ஸ் கூழாலை எழுந்தது. வேலை தருகிறோம் என்ற வாக்குறுதிக்கு மாற்றாக, கேரளக் காடுகளின் மூங்கிலை அரசு தொன்னுக்கு 1 ரூபாய் விலையில் கொடுக்க உடன்பட்டது. கூடை முடைபவன் சந்தையில் ஒரு மூங்கிலுக்குக் கொடுத்த காசுக்கு ஆலைக்குத் தொன்கணக்காக மூங்கில் கிடைத்தது. மூங்கில் அருகியது, கூடை முடைவோர் தொழிலிழந்தனர், ஆறு கறுத்தது, மீன் மிதந்தது. வாழக்காட்டு மக்களைத் திரட்டி நீண்டகாலம் போராடிய கே. ஏ. ரஹ்மான் 1999இல் புற்றுநோயால் இறந்தார். ஆலையும் அதன் பின்னர் நெடுநாள் நீடிக்கவில்லை.

தமிழ்நாட்டில் பவானி ஆற்றங்கரையில், சிறுமுகையில் இருந்த தென்னிந்திய விஸ்கோசு ஆலையின் கதையும் இதற்கு வேறுபட்டதன்று. அதன் பசிக்காக நீலகிரி, கொடைக்கானல் மலைகளின் புல்வெளிகளில் வாட்டில் மரங்கள் நடப்பட்டன. மலையில் நீரைத் தேக்கி வைத்த புல்வெளி, சமவெளியில் நீரைக் கெடுத்த ஆலைக்கு உணவாயிற்று. பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் மீனவரும் கீழேயிருந்த விவசாயிகளும் எழுப்பிய குரல் ஆண்டுகள் பலவாக ஒலித்தது. அந்த ஆலையும் இன்றில்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளர் கூலிப் பாக்கிக்காக நீதிமன்றப் படியேறியதே அதன் கடைசி அத்தியாயம். ஆறு கெட்டபோது விவசாயிக்கு எதிராகத் தொழிலாளியை நிறுத்தினர். ஆலை மூடியபோது தொழிலாளியையும் கைவிட்டனர். இரு சாராரும் ஒரே சாரார் என்பதை உணர்ந்து ஒன்றாய் நின்ற இடங்கள் மிகச் சில.

இப்போது வாழைச்சேனைக்குத் திரும்புவோம். 1948இல் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையிற் சேர்ந்து கைத்தொழில் அமைச்சை ஏற்றவர் ஜி. ஜி. பொன்னம்பலம். அவருடைய அரசியலில் நாம் ஏற்கத்தகாதவை பல. தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை பறிபோன காலத்தில் அவர் அமர்ந்திருந்த ஆசனமே அதற்குச் சான்று. ஆயினும் காங்கேசன்துறைச் சீமெந்தாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை என்ற மூன்றின் தொடக்கத்தோடும் அவர் பெயர் இணைந்திருப்பதை மறுப்பது நேர்மையாகாது. மூன்றும் அரசுடைமை, மூன்றும் நாட்டின் சொந்த மூலப்பொருளை நம்பியவை.

வாழைச்சேனை ஆலை 1956இல் உற்பத்தியைத் தொடங்கியது. அமெரிக்க நீதிமன்றம் டியூபொன்றுக்கு ஏகபோகப் பழியிலிருந்து விடுதலை அளித்த அதே ஆண்டு. அங்கே மரம் வெட்டப்படவில்லை. காடழிந்த மேட்டு நிலங்களில் தானாக அடர்ந்து, தீயிட்டாலும் மறுபடி முளைத்து விவசாயியை வாட்டும் இலுக்குப் புல்லும், பொலனறுவை, மட்டக்களப்பு வயல்களின் வைக்கோலும் அதன் மூலப்பொருள்கள். உழவன் எரித்துவந்ததை ஆலை வாங்கியது! பத்திரிகையாளரும் ஆசிரியரும் இதன் பொருளை ஊன்றி நோக்க வேண்டும். ஒரு மரம் வளரப் பல ஆண்டுகள் செல்லும். வைக்கோல் போகத்துக்குப் போகம் வரும். காட்டை விலையாகக் கொடாமல் கடதாசி செய்யலாம் என்று, இந்தச் சிறு தீவின் கிழக்குக் கரை 1950களிலேயே செய்து காட்டியது.

வைக்கோலைக் கூழாக்க எரிசோடா வேண்டும். கூழை வெளுக்கக் குளோரீன் வேண்டும். இவ்விரண்டும் உப்பிலிருந்து பிறப்பவை. உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஒருபுறம் எரிசோடாவும் மறுபுறம் குளோரீனும் பிரியும். ஆனையிறவில் உப்பு விளைந்தது. பரந்தனில் அவ்வுப்பு எரிசோடாவும் குளோரீனும் ஆயிற்று. வாழைச்சேனையில் அவை வேண்டப்பட்டன. கடல்நீர், வெயில், புல் என்ற மூன்றும் பள்ளிப்பிள்ளையின் கொப்பியாக மாறுவதற்கான தொடர் முழுவதும் இந்நாட்டுக்குள்ளேயே இருந்தது. பொருளாதாரப் பாடத்தில் தற்சார்பு என்ற சொல்லுக்கு உதாரணம் தேடும் ஆசிரியர்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

ஆலையின் குறைகளையும் மறைக்கலாகாது. நெல்வைக்கோலிற் சிலிக்கா மிகுதி. அறுவடைக்காரரின் கையைக் கீறுவதும் அதுவே. மரக்கூழாலையில் அவித்து எஞ்சும் கரிய நீரை வற்றவைத்து எரித்து எரிசோடாவை மீட்கலாம். வைக்கோலின் கரிய நீரில் சிலிக்கா கரைந்திருப்பதால் குழாய்களிற் படிந்து அம்முயற்சியைக் கெடுக்கும். ஆகவே கரிய நீர் வெளியே விடப்பட்டது; சென்று சேர்ந்தது வாழைச்சேனை வாவியில். இறாலையும் மீனையும் நம்பி வாழ்ந்தோர் அதன் விலையைக் கொடுத்தனர். பொதுவுடைமை என்ற பெயர்ப்பலகை தொங்குவதால் மட்டும் நஞ்சு அமுதாகிவிடாது. அரசாலை தன் கழிவைத் தானே தூய்மை செய்யும் என்று காட்டியிருக்க வேண்டும், அது செய்யப்படவில்லை. கட்சிக்காரருக்கு வேலை கொடுக்கும் மடமாகவும் ஆட்சி மாறுந்தோறும் தலைவர் மாறும் சத்திரமாகவும் கூட்டுத்தாபனங்கள் பாவிக்கப்பட்டதும் அனைவரும் அறிந்ததே.

1970களில் தெற்கே எம்பிலிப்பிட்டியில் இரண்டாவது கடதாசி ஆலையும் கட்டப்பட்டது. அதற்கும் வைக்கோலே ஆதாரம். பின்னர் 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் இறக்குமதிக் கடதாசிக்குக் கதவைத் திறந்தது. 1978 நவம்பர் 23ஆம் நாள் சூறாவளி மட்டக்களப்பை அடித்து நொறுக்கியது. அதன் மேல் போர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே மணியோசைக்கு வேலைக்குச் சென்ற ஆலை அது. வாழைச்சேனைக்கும் ஓட்டமாவடிக்கும் இடையே பிணங்கள் விழுந்த ஆண்டுகளில் அந்த மணியோசையின் பொருளே மாறிப்போயிற்று. வைக்கோல் ஏற்றிய லொறி காவலரண்களைக் கடக்க முடியாதபோது கூழ்க் கொப்பரைக்கு உணவேது? பரந்தன் ஆலை போரில் அழிந்தது. அதன் பெயரைத் தாங்கிய நிறுவனம் குளோரீனை வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்கலாயிற்று. வாழைச்சேனை இயந்திரங்கள் நின்றும் ஓடியும் மறுபடி நின்றும் துருப்பிடித்தன. வைக்கோலைக் கைவிட்டுக் கழிவுக் கடதாசியை மீண்டும் கூழாக்குவதே அதற்கு எஞ்சிய வழியாயிற்று.

2022 மார்ச் மாதத்தில், அந்நியச் செலாவணி வற்றியபோது, கடதாசி இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. செய்தித்தாள்கள் சில தம் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. வைக்கோலிலிருந்து கடதாசி செய்யத் தொடங்கி அறுபத்தாறு ஆண்டுகள் சென்ற நாடு, வினாத்தாள் அச்சிட இயலாமல் கைவிரித்தது. வைக்கோல் அவ்வாண்டும் வயலில் கிடந்தது.

கண்ணாடித்தாளுக்கு என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்கலாம். 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வுகூடத்தில் தற்செயலாகப் பிறந்த பொலித்தீனும், அதன் பின் வந்த பொலிபுரொப்பிலீனும் அதை வீழ்த்தின. எண்ணெய் மலிவாயிருந்தது, கூழும் அமிலமும் எரிசோடாவும் அதனோடு போட்டியிட இயலவில்லை. 1965இல் இன்றைய வடிவிலான பொலித்தீன் பைக்கு உரிமை பெற்ற சுவீடன் நாட்டு நிறுவனத்தின் பெயர் செலோபிளாஸ்ற். அது முன்னர் செலுலோசுத் தகடு செய்துவந்த நிறுவனம். மகனே தந்தையைக் கொன்ற கதைகள் புராணத்தில் மட்டும் இல்லை.

சாதாரணக் கண்ணாடித்தாளை மண்ணிற் புதைத்தால் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், நுண்ணுயிர்கள் தின்று முடித்துவிடும். மேலே பூசிய அரக்குத்தான் சற்றுத் தாமதிக்கச் செய்யும். பொலித்தீனைத் தின்ன மண்ணுக்குத் தெரியாது. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் புதையுண்டனர். இறந்தோர் அனைவரும் ஏழைக் குடிகள். குப்பையோ நகர் முழுவதற்கும் சொந்தம். அதே ஆண்டு செப்டெம்பர் முதல் சோறு சுற்றும் பொலித்தீன் தாளும் கடைப்பைகளும் தடைசெய்யப்பட்டன. ஆனால் பகலுணவுக்குச் சோற்றுப் பார்சல் வாங்கும் கூலியாளிடம், இதற்குப் பதில் எது என்று எவரும் சொல்லவில்லை. உக்கக்கூடியது என்று சொல்லி விற்கும் தாள் மெய்யாகவே உக்குமா என்பதை அறிய அவனிடம் ஆய்வுகூடம் இல்லை. கிழக்கு மாகாணத்தில், அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் இறந்ததாக 2022இன் தொடக்கத்திற் செய்தி வந்தது. சோற்றின் மணம் ஒட்டிய தாளை யானை எவ்வாறு பிரித்தறியும்?

எனவே மேலைநாட்டு ஆய்வுகூடங்கள் மறுபடியும் மரத்தை நோக்கித் திரும்பியிருப்பதில் வியப்பில்லை. மரத்தின் நிறத்தை நீக்கி அதை ஒளிபுகச் செய்யலாம் என்று 1992இலேயே ஜெர்மானியத் தாவரவியலாளர் சீக்ஃபிரீட் ஃபிங்க் காட்டினார். 2016இல் சுவீடனிலும் அமெரிக்காவின் மேரிலாந்திலும் அம்முயற்சி பெரிதாக வளர்ந்தது. இலிக்னினை அகற்றி, வெறுமையான நுண்குழாய்களைப் பிசினால் நிரப்பினால் பலகை கண்ணாடிபோல் ஒளிவிடும். அழகிய கண்டுபிடிப்புத்தான். ஆனால் நிரப்பும் பிசின் பெரும்பாலும் எண்ணெயிற் பிறந்த பிளாஸ்ரிக். மரத்தின் பெயரால் அது விற்கப்படும்போது நாம் விழித்திருக்க வேண்டும். 2021இல் மரத்தூளை உப்புப் போன்ற ஒரு கரைப்பானில் இட்டு, இலிக்னினையும் வீசாமல் அதையே பசையாக்கி, மண்ணிற் சிதையும் தகடு செய்த ஆய்வு வெளிவந்தது. 2025இல் ஜப்பானிய அறிஞர்கள் செலுலோசிலிருந்து, கடலடியிலும் சிதையும் கனத்த ஒளிபுகு மட்டை செய்து காட்டினர்.

இவை எல்லாவற்றினும் நம் கருத்தைக் கவர்வது சீனாவின் வூஹான் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ஜாங் லீனா கண்ட வழி. நூற்றுக்கு 7 பங்கு எரிசோடா, 12 பங்கு யூரியா, எஞ்சியது தண்ணீர். இக்கலவையை உறைநிலைக்குக் கீழே 12 பாகை வரை குளிர்வித்து, அதில் செலுலோசை இட்டுக் கலக்கினால் சில நிமிடங்களிற் கரைந்துவிடுகிறது. காபனிருசல்பைட்டு வேண்டியதில்லை. எவருடைய மூளையும் நரம்பும் கெட வேண்டியதில்லை. அக்கரைசலைத் தகடாக வார்த்துக் கழுவினால் தெளிந்த கண்ணாடித்தாள் கிடைக்கிறது. செலுலோசுத் துறையின் உயர்ந்த பரிசாகிய அன்செல்ம் பாயன் விருது 2011இல் அவருக்கு அளிக்கப்பட்டது. மரக்கூழின் நீண்ட சங்கிலிகளை முதலிற் சற்றுக் குறுக்க வேண்டும் என்பதும், குளிரூட்டச் செலவு உண்டு என்பதும் உண்மை. ஆயினும் எரிசோடா, யூரியா, குளிர் என்ற மூன்றில் மட்டக்களப்பு விவசாயிக்குப் புதியதாய் ஒன்றுமில்லை. யூரியாவை அவன் தோளில் சுமந்து வயலில் வீசுகிறான், பனிக்கட்டியை மீன்பெட்டியில் அடுக்குகிறான், எரிசோடாவை அவன் மூதாதையர் அள்ளிய உப்பே தரும்.

செலுலோசு எங்கிருந்தாலும் செலுலோசு என்று முன்னரே கண்டோம். நெல்வைக்கோலில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலாக அது உண்டு. சிலிக்காவை நீக்கி எடுக்க வேண்டும் என்பதே சிக்கல். ஆனால் சிலிக்காவே கண்ணாடிக்கும் இறப்பருக்கும் வேண்டிய சரக்காதலால், வாவியிற் கொட்டிய பழைய பாவத்தை வருவாயாக மாற்றவும் வழியுண்டு. நம் பல்கலைக்கழகங்களின் இரசாயனப் பகுதிகளில், வந்தாறுமூலையில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தில், மாணாக்கர் எடுத்துச் செய்யத்தக்க ஆராய்ச்சி இது. வந்தாறுமூலைக்கும் வாழைச்சேனைக்கும் இடையே சில மைல்களே.

எனினும் அறிவியல் மட்டும் போதாது என்பதைப் பெரும்பாவூரும் மாவூரும் சிறுமுகையும் நமக்குச் சொல்லிவிட்டன. யாருடைய உரிமப் பத்திரத்தின் கீழ் அந்தத் தாள் வார்க்கப்படும்? வைக்கோலுக்கு விலையை நிர்ணயிப்பவர் யார். தொன்னுக்கு 1 ரூபாய் என்ற மூங்கிற் கணக்கு மறுபடி எழுதப்படுமா? கழிவுநீரின் குழாய் எங்கே முடியும், அதை அளந்து பார்க்கும் உரிமை வாவி மீனவருக்கு உண்டா? வைக்கோல் முழுவதையும் ஆலை வாரிச்சென்றால் பட்டிமாடு எதைத் தின்னும், நிலத்துக்குத் திரும்பும் உரம் எது? இக்கேள்விகளை எழுப்பாத பசுமைப் பேச்சு, பழைய சுரண்டலுக்குப் புதிய மேலுறை. அதுவும் ஒளிபுகும் மேலுறை.

போருக்குப் பின் ஆனையிறவில் மீண்டும் உப்பு விளைகிறது. பெரும்போக அறுவடை முடிந்ததும் படுவான்கரை வயல்களில் இயந்திரங்கள் கக்கிச்சென்ற வைக்கோல் வரிவரியாய்க் கிடக்கிறது. பட்டிக்காரர் மாடுகளை இறக்குகின்றனர். மாடு தின்றது போக எஞ்சியதற்கு யாரோ தீ வைக்கின்றனர். அந்தப் புகை வீதியைக் கடந்து, வாவியின் மேலாகக் கல்குடாப் பக்கம் போகிறது.